ஊருது என்று வருபவருக்குப் பூச்சி மருந்து எழுதுமுன்: கொழும்பின் குடும்ப வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் டிஸ்பென்சரி நடத்தும் குடும்ப வைத்தியர்களுக்கும், பாமசிக் கவுண்டரில் நிற்பவர்களுக்கும், வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிக்கப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தோல் கிளினிக்கிலும் ஒட்டுண்ணி ஆய்வுகூடத்திலும் உளநலப் பிரிவிலும் வேலை செய்கிற சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உடம்பில் பூச்சி ஊருகிறது என்று ஒருவர் வருகிறார். அந்தப் பூச்சியை யாரும் கண்ணால் காணவில்லை. அப்படியிருக்க, எதற்காக அவருக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோம்? இதுதான் எங்கள் கேள்வி.

இப்படியானவர்கள் எங்களிடம் வந்து சேரும்போது பை நிறைய மருந்துத் துண்டுகள் இருக்கும். வெள்ளவத்தையில் ஒருவர் எழுதிய பெர்மெத்ரின் கிறீம். அது கேட்கவில்லை என்று கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் கொடுத்த ஐவர்மெக்டின். பிறகு யாரையோ சனல் பண்ணி, ஐந்து நிமிடத்தில் எழுதி வாங்கிய ஸ்டீரொயிட் கிறீம். இடையில் பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய டியூப்கள். வீட்டுக்கு மருந்து அடித்த பில்கள். இத்தனையிலும் ஒரு துண்டிலாவது "இன்ன பூச்சியைக் கண்டேன்" என்று எழுதியிருக்காது. நோயாளி இதை வாசிக்கும் விதமோ வேறு. இத்தனை வைத்தியர்கள் பூச்சிக்கு மருந்து தந்தார்கள், ஆகவே பூச்சி இருக்கிறது. 'எதற்கும் போட்டுப் பார்க்கட்டும்' என்று நீங்கள் எழுதிய துண்டு அவரிடம் சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலிய பைரெத்ரொயிட் வகை மருந்துகள் தோலில் பட்டால் சில மணித்தியாலங்களில் சுணைப்பும் எரிவும் ஊர்வதுபோன்ற உணர்வும் வரலாம். தோலின் நரம்பு நுனிகளில் சோடியம் வாயில்களை மூடவிடாமல் வைத்திருப்பது இந்த மருந்துகளின் வேலை. பூச்சி சாவதும் அதனால்தான், நமக்குச் சுணைப்பதும் அதனால்தான். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆனால் பூச்சியைத் தேடிக்கொண்டிருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? மருந்து பட்டதும் பூச்சிகள் கலைந்து ஓடுகின்றன என்றுதான். அடுத்த நாள் இன்னொரு டியூப் வாங்குவார். தோல் வறண்டு வெடிக்கும், அரிப்புக் கூடும், சொறிந்த இடம் புண்ணாகும், புண்ணில் காய்ந்த பொருக்கு அடுத்த 'பூச்சி'யாக, வைத்தியரிடம் காட்ட அவர் சேர்த்துவைக்கும் போத்தலுக்குள் போகும்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தன் தோலிலோ உடலுக்குள்ளோ வீட்டிலோ உயிருள்ள ஏதோ ஒன்று தொற்றியிருக்கிறது என்ற அசையாத நம்பிக்கை, அதற்கு மாறான எந்தச் சான்றுக்கும் இளகாத நம்பிக்கை, இதை ஒட்டுண்ணி மருட்சி என்கிறோம். 1894இல் பிரெஞ்சுத் தோல் வைத்தியர் திபியேர்ஜ் இதைப் பற்றி எழுதினார். 1938இல் ஸ்வீடன் நரம்பியல் வைத்தியர் கார்ல் அக்செல் எக்பொம் விரிவாக விவரித்ததால் அவர் பெயரிலும் அழைக்கப்படுகிறது. நடுவயதும் அதற்கு மேலும், பெண்களில் சற்று அதிகம். இளைஞர் ஒருவருக்கு வந்தால் முதலில் போதைப்பொருளை நினையுங்கள். முக்கியமாக, இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் நிதானமாகவே இருப்பார். வங்கியில் கணக்குப் பார்ப்பார், வகுப்பெடுப்பார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவார். அதனால்தான் நமக்கும் தடுமாற்றம். பேச்சில் ஒரு பிசகும் இல்லாதவர் சொல்வதை எப்படி நம்பாமல் இருப்பது?

நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். முதலில் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்த நாட்டில் உடம்பில் ஊர்வன உண்மையாகவே பல உண்டு. சிரங்கு முதலாவது. இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே சொறிச்சல், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்குறி, பெண்களில் முலைக்காம்பைச் சுற்றி. சிரங்கு உண்ணி தோலுக்குள் குடையும் வளை இருக்கிறதா என்று சந்தேகமானால் பேனா மையைப் பூசி ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். வளை இருந்தால் மை உள்ளே இறங்கி ஒரு நெளிகோடாக நிற்கும். தோலைப் பெருப்பித்துக் காட்டும் டெர்மட்டோஸ்கோப் இருந்தால் வளையின் நுனியில் சிறு கரு முக்கோணம் தெரியும். அரை மில்லிமீற்றரும் இல்லாத பெண் உண்ணியின் முன்பக்கம் அது. கண்டுபிடித்தால் மருந்து கொடுங்கள், ஆனால் முழுதாகக் கொடுங்கள்: பெர்மெத்ரின் 5 வீதம், கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்துக்கு அடியிலும், 8 முதல் 12 மணித்தியாலம், 7 நாள் கழித்து இன்னொரு முறை, வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நாளில். வளர்ந்தவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் டியூப் ஒன்று போகும். இன்னொன்றையும் அன்றே சொல்லிவிடுங்கள்: உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நிற்கும். இந்த ஒரு வரி சொல்லப்படாததால் குணமான சிரங்கு 'தீராத பூச்சி' ஆகிப் பல மாதம் இழுபடுவதைப் பார்க்கிறோம். மருட்சிக்குச் சில வேளைகளில் வாசலாக அமைவதும் இப்படி உண்மையாக வந்துபோன ஒரு சிரங்குதான்.

அடுத்தது மாடிவீடுகளில் நாம் மறந்துபோகும் ஒன்று. ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னாலும் ஜன்னல் மேல்தட்டிலும் புறா கூடு கட்டும். குஞ்சு பறந்தபின் கூட்டிலிருக்கும் பறவை உண்ணி பசியில் அறைக்குள் இறங்கும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, உற்றுப் பார்த்தால் நகரும் புள்ளியாகத் தெரியும். மனிதரைக் கடிக்கும், ஆனால் மனித உடலில் குடியிருந்து பெருகாது. இதற்கு கிறீம் எதற்கு? கூட்டை அகற்றி அந்த இடத்துக்கு மட்டும் மருந்து அடித்தால் முடிந்தது. "ஜன்னலில புறா இருக்கா?" என்று கேட்க அரை நிமிடமும் ஆகாது.

மூட்டைப்பூச்சி மெத்தைத் தையலில் கருப்புப் புள்ளிகளை விட்டுவைக்கும். வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீற்றர் வரும், பிடித்துக் காட்டலாம். இரவில் வெளிச்சத்துக்கு வரும் பெடரஸ் வண்டு கடிப்பதில்லை. நசுக்கினால் வடியும் நஞ்சு ஒன்றிரண்டு நாளில் கோடு கிழித்ததுபோலக் கொப்புளம் போடும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தவரின் பாதத்தில் நெளிந்து நெளிந்து நாளுக்கு நாள் நகரும் சிவப்புக் கோடு நாயின் கொக்கிப்புழுக் குடம்பி. காதுக்குள் ஏதோ கரகரக்கிறது என்றால் காது பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை எடுங்கள், நாயில் ஒட்டுவது போன்ற உண்ணி உட்கார்ந்திருக்கலாம். இலங்கையில் இது அரிதே அல்ல. கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நூல் போல ஒன்று நெளிகிறது என்று சொன்னால் சிரித்துவிடாதீர்கள். நாயிலிருந்து நுளம்பு வழியாக மனிதருக்கு வரும் டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் என்ற புழு உலகில் அதிகம் பதிவாகிய நாடுகளில் இதுவும் ஒன்று. தோலுக்கடியில் கட்டியாகவும் வரும். வெட்டியெடுத்தால் தீர்ந்தது.

ஆகவே உடுப்பைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில், 10 மடங்கு லென்ஸோடு முழு உடலையும் பாருங்கள். புண்களின் இருப்பிடமே பாதிக் கதையைச் சொல்லும். கை எட்டும் இடமெல்லாம் புண்ணாக இருந்து, கை எட்டாத நடுமுதுகு மட்டும் தெளிவாக இருந்தால், புண்ணை உண்டாக்கியது விரல். வலக்கைக்காரருக்கு இடக்கையில் கூடுதலாக இருக்கும். பழைய தழும்பு, பாதி ஆறியது, இன்று கிழித்தது எல்லாம் கலந்திருக்கும். முதல் நாளே முழுதாகப் பார்த்ததற்கு இன்னொரு பயனும் உண்டு: "ஒருத்தரும் என்னை ஒழுங்காப் பார்க்கேல்ல" என்ற அவரது முறைப்பாடு உங்களிடம் செல்லாது. அந்த முறைப்பாடு பெரும்பாலும் நியாயமானதும்கூட.

இனிப் போத்தல். 1983இல் லான்செட் சஞ்சிகையில் 'தீப்பெட்டி அறிகுறி' என்று ஒரு குறிப்பு வந்தது. நோயாளிகள் பிடித்த பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதைப் பற்றியது. இப்போது அது சிப்லொக் பையாகவும் மருந்துப் போத்தலாகவும், கூடுதலாக ஃபோனில் பெருப்பித்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களாகவும் மாறியிருக்கிறது. கொண்டுவந்தார் என்பதற்காக அவரை மருட்சிக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். மூட்டைப்பூச்சி உள்ளவரும் அதைத்தான் செய்வார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படியான 108 பேரைப் பார்த்தார்கள். தோல் துண்டு எடுத்துப் பரிசோதித்த 80 பேரில் ஒருவரிடமும் ஒட்டுண்ணிக்கான தடயம் இல்லை. ஆனால் கொண்டுவந்த மாதிரிகளைப் பார்த்தபோது ஒன்றில் உண்மையான பேன் இருந்தது. அந்த ஒருவருக்காகவே ஒவ்வொரு போத்தலையும் திறக்க வேண்டும்.

வாங்கும் முறை இது. நோயாளிக்கு முன்னாலேயே வாங்கி, பெயரும் திகதியும் உடம்பில் எந்த இடம் என்பதும் எழுதி ஒட்டுங்கள். அவர் முன்னிலையில் லென்ஸால் ஒருமுறை பாருங்கள். பிறகு நுணுக்குக்காட்டிக்கு அனுப்புங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் கொழும்பு மருத்துவ பீடத்திலும் ஒட்டுண்ணியியல் பிரிவுகள் உண்டு. மேலும் கொண்டுவருவதானால் எப்படி என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்: தோலைச் சுரண்ட வேண்டாம், ஊசி, சாவணம், பிளேட் எதுவும் வேண்டாம். தானாக விழுந்ததைத் தெளிவான செலோடேப்பில் ஒற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டலாம், அல்லது 70 வீத ஸ்பிரிட் உள்ள சிறு போத்தலில் போடலாம். மூன்று மாதிரிக்கு மேல் வேண்டாம். இந்த எல்லையை வைக்காவிட்டால் அடுத்த முறை ஒரு பிஸ்கட் டின் வரும், அதை நிரப்புவதற்காகவே தோல் கிழிபடும்.

முடிவைச் சொல்லும்போது "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். ஏதோ ஒன்று இருந்தது, அது என்னவென்று சொல்லுங்கள்: இது தோல் செதில், இது காய்ந்த இரத்தப் பொருக்கு, இது பருத்தி நூல், இது எறும்பின் கால். நிறம் நிறமாக நார் தோலிலிருந்து முளைக்கிறது என்பவர்களும் வருவார்கள், இணையத்தில் அதற்கு மொர்ஜெலன்ஸ் என்ற பெயரையும் கண்டுபிடித்திருப்பார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கலிபோர்னியாவில் 115 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையில் தொற்று எதுவும் அகப்படவில்லை. நார்களில் பெரும்பாலானவை பருத்தி இழை, உடுப்பிலிருந்து வந்தவை. முகத்தில் டெமோடெக்ஸ் உண்ணி இருக்கிறது என்று படம் காட்டுவோரும் உண்டு. அது இருக்கத்தான் செய்யும், வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரிடம் சத்தமில்லாமல் இருக்கிறது. உடம்பெல்லாம் ஊர்வதற்கு அது காரணமல்ல.

பூச்சி இல்லை என்றாகிவிட்டால் உடனே மனநோய் என்று பாயவும் கூடாது. ஊர்வுணர்வைத் தரும் உடல் நோய்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் ஒரு சின்ன வேறுபாட்டைக் கேட்டுப் பிடியுங்கள். "எறும்பு ஊர்றமாதிரி இருக்கு" என்பவருக்கு நரம்பை யோசியுங்கள். "எறும்புதான், நான் கண்டனான்" என்பவர் வேறு. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு சேர்க்கை இது: சைவச் சாப்பாடு, பல வருடச் சலரோகம், அதற்கு நீண்டகாலமாக மெட்போர்மின். மூன்றும் சேர்ந்தால் விற்றமின் பி12 குறைய நல்ல வாய்ப்பு. பி12 குறைவு நரம்பையும் தொடும், மனத்தையும் தொடும். ஊசியால் திருத்தக்கூடியதை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கொடுத்தால் வெட்கம்.

இரத்தக் கணக்கு, இரும்புச் சேமிப்பு, சீனி, தைரொயிட், சிறுநீரகம், ஈரல், பி12, எச்ஐவி, கிரந்தி (சிஃபிலிஸ்). இவை போதும் ஆரம்பத்துக்கு. சிறுநீரகமும் ஈரலும் பழுதுபட்டால் தோலில் ஒரு தடயமும் இல்லாமல் அரிக்கும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அப்படி. வயதானவராக இருந்தால் ஞாபகத்தைச் சோதியுங்கள், கண்பார்வையையும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா, பிரமிபெக்சோல் எடுப்பவரா என்று மருந்துத் துண்டைப் பாருங்கள். குடிப்பவர் திடீரென்று நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் பூச்சி ஊர்கிறது என்றால் அது அவசர நிலை, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஐஸ், கொக்கெய்ன் ஆகிய போதைப்பொருள்கள் பற்றி வீட்டார் இல்லாத நேரத்தில், குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். இவை இரண்டும் மூளையில் டோபமின் என்ற செய்தி கடத்தும் இரசாயனத்தைக் குவிப்பவை, தோலுக்கடியில் பூச்சி ஊர்கிற உணர்வுக்குப் பெயர்போனவை. டோபமினைத் தடுக்கும் மருந்துகள் மருட்சிக்கு வேலை செய்வதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் நோயின் இயக்கம் ஓரளவுக்குப் பிடிபடும்.

எல்லாம் பார்த்தாயிற்று, மருட்சிதான் என்று தெரிகிறது. இனி என்ன பேசுவது? பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது இங்கேதான். இரண்டு வாசகங்கள் கெடுக்கும். "ஓம் ஓம், பூச்சிதான், இதைப் பூசுங்கோ" என்பது ஒன்று. "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்பது மற்றது. முதலாவது பொய். இரண்டாவதும் பொய்தான், ஏனென்றால் அவருக்கு ஏதோ இருக்கிறது. ஊர்வை அவர் உண்மையாகவே உணர்கிறார், இரவில் தூக்கமில்லை. வாதாடி வென்ற வைத்தியர் எவரும் இல்லை, நோயாளி வேறொருவரைச் சனல் பண்ணுவார், அவ்வளவுதான். 'அங்கொடை' (மனநல வைத்தியசாலை இருக்கும் ஊர்) என்ற சொல் பகிடிக்காகக்கூட உங்கள் வாயிலோ, உங்கள் மருந்து கட்டும் பிள்ளையின் வாயிலோ வந்துவிட்டால் அவர் மறுபடி வரமாட்டார்.

நாங்கள் சொல்வது ஏறக்குறைய இப்படி: "அம்மா, நீங்க உணர்றது எனக்கு விளங்குது, நித்திரையும் இல்லாமக் கஷ்டப்படுறீங்க. உடம்பு முழுக்கப் பார்த்தன், நீங்க கொண்டுவந்ததையும் பார்த்தம். இண்டைக்குப் பூச்சி ஒண்டும் காணேல்ல. பூச்சி இல்லாமலும் இப்பிடி ஊர்ற வருத்தம் இருக்கு. அதுக்கு நாங்க வைத்தியம் செய்யலாம்." 'இண்டைக்குக் காணேல்ல' என்பது நேர்மையான வாசகம், கதவையும் மூடுவதில்லை. "இது பூச்சியில்லாட்டி வேற என்னவா இருக்கும் எண்டு நீங்க நினைக்கிறீங்க?" என்றும் கேளுங்கள். ஒருவர் "அப்பிடியும் இருக்கலாம்" என்று தயங்கினால் நம்பிக்கை இன்னும் இறுகவில்லை, அவருக்குத் தோலைப் பராமரிப்பதும் பயத்தை ஆற்றுவதுமே போதுமாகலாம். செய்வினை, கண்ணூறு என்று வீட்டார் சொன்னாலும் சண்டைக்குப் போகாதீர்கள். கோயிலுக்குப் போகட்டும், நூல் கட்டட்டும். தோலில் எதையும் ஊற்றாதவரை நமக்கு ஆட்சேபணை இல்லை.

இதற்கு ஐந்து நிமிடம் காணாது. மாலை டிஸ்பென்சரியில் நாற்பது பேர் காத்திருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவும் முடியாது. அவருக்குக் கடைசி நம்பரைக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, நாள் குறித்து, அரிப்புக் கூடினாலும் குறைந்தாலும் வரச்சொல்லுங்கள். கூடினால் மட்டும் வரச்சொன்னால் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

தோலை மறக்க வேண்டாம். வாசனையில்லாத ஈரப்பசைக் கிறீம் நாளுக்கு இரண்டு முறை, வெந்நீர் குளிப்பு நிறுத்தம், நகம் வெட்டல், ஆழமான புண்ணுக்கு இரவில் மூடிக் கட்டு. சீழ் இருந்தால் மட்டும் அன்டிபயோட்டிக். டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் பூசுகிறாரா, மண்ணெண்ணெய், பிளீச், ஜேய்ஸ், நாய்க்குப் போடும் ஐவர்மெக்டின் ஏதாவது பாவிக்கிறாரா என்று பெயர் பெயராகக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார். ஐவர்மெக்டின் மனிதருக்கு ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடைக்கு 12 மில்லிகிராம். மிருக மருந்தின் செறிவு வேறு, அளவு மீறினால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும்.

நோயைத் தீர்ப்பது என்னவோ குறைந்த அளவு மனநோய் மருந்துதான். ரிஸ்பெரிடோனை இரவில் 0.5 மில்லிகிராமில் தொடங்கி, பெரும்பாலானோருக்கு 1 முதல் 2 மில்லிகிராமில் நிறுத்தலாம். ஒலன்சபின் என்றால் 2.5 அல்லது 5இல் தொடக்கம். முன்பு பிமோசைட் பிரபலம், அது இதயத் துடிப்பின் கியூடி இடைவெளியை (ஈசிஜியில் அளப்பது) நீட்டுவதால் இப்போது முதல் தெரிவல்ல. பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியே தொடங்க வேண்டாம், உளநல வைத்திய நிபுணரோடு பேசித் தொடங்குங்கள். பார்க்கின்சன் உள்ளவருக்கு ரிஸ்பெரிடோன் நடையையே நிறுத்திவிடும். மறதி நோயுள்ள முதியவருக்கு இந்த வகை மருந்துகளால் பக்கவாத ஆபத்துக் கூடும். தொடங்குமுன் எடை, சீனி, கொழுப்பு, ஈசிஜி.

இரண்டு வாரத்தில் ஊர்வு சற்றுத் தூரப் போனதுபோல இருக்கும், முழுப் பலன் ஆறு முதல் பத்து வாரத்தில். இதை முதலே சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் நிறுத்திவிடுவார். கால்களை ஆட்டாமல் இருக்க முடியாத பதற்றம் மருந்தின் பக்க விளைவாக வரலாம். அதைப் 'பூச்சி உள்ளே ஓடுது' என்று சொல்வார், மருந்தைக் கூட்டிவிடாதீர்கள், குறைக்க வேண்டிய இடம் அது. சுகம் வந்த பின்னும் மாதக்கணக்கில் தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தியவர்களில் பலருக்கு மீண்டும் வருகிறது. குணமானவர் "எனக்குப் பூச்சி இருக்கேல்ல, நான் தான் பிழையா நினைச்சனான்" என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள். "மருந்துக்குப் பூச்சி செத்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவரும் குணமானவர்தான்.

மருந்தை மறைத்துக் கொடுக்கலாமா, சத்துக் குளிசை என்று பொய் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பெட்டிக்குள் உள்ள தாளை வாசிப்பார், பேரன் ஃபோனில் தேடிச் சொல்வான், அதோடு நம்பிக்கை போய்விடும். நீங்களே சொல்லுங்கள்: "இந்த மருந்தைக் கூடின அளவில மனவருத்தத்துக்கும் குடுக்கிறது. குறைஞ்ச அளவில இந்த ஊர்ற உணர்வையும், அதால வாற பதற்றத்தையும் அடக்கும், அதுக்குத்தான் தாறன்." ஒளிக்க எதுவும் இல்லாத வாசகம்.

பாமசிக்காரர்களே, உங்கள் பங்கு இங்கே பெரிது. "இது விசருக்குக் குடுக்கிற மருந்தெல்லோ, ஆர் எழுதினது?" என்ற ஒரு கேள்வி மூன்று மாத வேலையைக் கவுண்டரில் வைத்தே கலைத்துவிடும். துண்டில் சந்தேகம் என்றால் எழுதியவருக்குக் கோல் எடுங்கள். பெர்மெத்ரின் டியூபுக்கு ஒரே ஆள் மூன்றாம் முறை வந்தால் கொடுக்காமல், யாராவது வைத்தியர் உண்ணியைக் கண்டாரா என்று கேளுங்கள். குளோபெட்டசோல் என்ற வலுவான ஸ்டீரொயிட் கலந்த கிறீமைத் துண்டில்லாமல் விற்பதை நிறுத்துங்கள். தோலை மெலிதாக்குவது ஒருபுறம், உண்மையான சிரங்கையும் அது அடையாளம் தெரியாமல் மறைத்துவிடும்.

பூச்சி மருந்து அடிப்பவர்களுக்கு: பூச்சியைக் காணாமல் அடிக்காதீர்கள். கட்டில் கால்களிலும் சுவரோரத்திலும் ஜன்னலடியிலும் பசைப்பொறி ஆறோ எட்டோ வைத்து, இலக்கமும் திகதியும் எழுதி, 14 நாள் விட்டுப் பாருங்கள். அகப்பட்டதை அடையாளம் காட்டி எழுதுங்கள். பெரும்பாலும் எறும்பும், ஈரச் சுவரில் வாழும் புத்தகப் பேனும்தான் இருக்கும், இரண்டும் உடம்பில் குடியேறாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கள் அறிந்ததே. லேபிளில் எழுதியிராத இடத்தில், மெத்தையிலும் உடுப்பிலும், வாடிக்கையாளர் கெஞ்சினாலும் தெளிக்காதீர்கள். பில்லில் 'உண்ணிக்கு அடித்தது' என்று எழுதுவதற்குப் பதில் 'பரிசோதித்தோம், மனிதரைத் தாக்கும் பூச்சி காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் எங்களுக்கு மருந்தைவிட உதவும்.

கடைசியாக வீட்டார் விஷயம். கணவனுக்கோ மகளுக்கோ அதே நம்பிக்கை தொற்றுவது உண்டு. முதலில் தொடங்கியவருக்கு வைத்தியம் செய்து, இருவரும் கொஞ்ச நாள் வேறு வேறாக இருந்தால் மற்றவருக்கு அது பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். ஒரு தாய் தன் பிள்ளையின் உடம்பில் பூச்சி என்று சொன்னால் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். தலை மழித்து, பிளீச் தண்ணீரில் குளிப்பாட்டி, பள்ளிக்கு விடாமல் வைத்திருந்தால் அது சிறுவர் பாதுகாப்பு விஷயம், 1929க்கு அழைக்க வேண்டியது. நோயாளியிடம் "சீவனை முடிச்சிடுவமோ எண்டு நினைப்பு வாறதோ?" என்று நேராகக் கேளுங்கள். மாதக்கணக்கில் தூங்காமல், ஒருவரும் நம்பாமல், படுக்கையை எரித்து வீடும் மாறிப் பார்த்தவர் அங்கே போய்ச் சேரலாம். அப்படியானால் அன்றே அனுப்புங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் பிரிவும் உண்டு, உளநலப் பிரிவும் உண்டு, காசும் இல்லை. முதலில் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள், அங்கே போகச் சம்மதிப்பார். கடிதத்தை மூடிய உறையில் வையுங்கள். எத்தனை மாதமாக, எந்தெந்த இடங்களைப் பார்த்தீர்கள், எதைக் காணவில்லை, மாதிரியில் என்ன இருந்தது, இரத்தப் பரிசோதனை முடிவுகள், இதுவரை பூசியதும் விழுங்கியதும் அடித்ததும் எத்தனை முறை, நீங்கள் அவரிடம் என்ன வார்த்தையில் விளக்கினீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அந்தக் கடைசி வரி இருந்தால் நாங்களும் அதே வார்த்தையில் தொடரலாம். உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள், நாங்கள் எடுப்போம்.

இப்படிக்கு,
கொழும்பில் தோல், ஒட்டுண்ணியியல், உளநலப் பிரிவுகளில் பணிபுரியும் சிலர்